கழித்த ஒன்று

வீட்டிலிருப்போரை எண்ணும் கருவிக்கு அப்பா நிரல் எழுதிக்கொண்டிருந்தார். அந்தச் சிப்பில் எண்களை வைக்க ரெஜிஸ்டர் எனும் சிறு இடங்கள் நான்கே. வேறு கணக்குக்கு இடம் வேண்டுமென்றால் ஓர் எண்ணை நினைவகத்தில் தள்ளிவிட்டுப் பிறகு எடுக்க வேண்டும். வீட்டிலிருப்போர் எண்ணிக்கையான நான்கைத் தள்ளினார். திரும்பி வந்தது ஐந்து. மறுபடியும் ஐந்துதான்.

"அக்காவையும் சேத்துக்கிச்சோ என்னமோ," என்றான் மூத்த மகன்.

"செத்தவ பேச்சு எதுக்குடா? அவ ஓடிப்போன அன்னைக்கே தலை முழுகியாச்சு. இந்த வீட்ல நாம நாலு பேருதான்."

வருவதில் ஒன்றைக் கழிக்கும்படி ஒரு வரி சேர்த்தார். நான்கு என்று காட்டியது. எழுந்து போய்க் கை கழுவினார்.

மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன. மனைவியும் இரு மகன்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தன் நாற்காலியருகே போய் நின்றார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வயிறாரச் சாப்பிடுடி," என்றாள் மனைவி, அந்தக் காலி நாற்காலியிடம்.