இலையில் ஒன்றுமில்லை

“இலையில ஒண்ணுமில்ல சார். மூணாவது தடவையும் சுத்தம்” என்று அறிக்கையை மேசைமேல் வைத்தார் உதவியாளர்.

தான் வளர்த்த செடிக்கு நற்சான்று கிடைத்தால் எந்த விஞ்ஞானியும் துள்ளிக் குதிப்பார். இவரோ தலையில் கை வைத்துக்கொண்டார். இலையிலும் இல்லையென்றால், அந்தக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எந்த வழியாகத்தான் ஏறுகிறது?

குழந்தைக்கு நாலு வயது. பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைக்கு எதிர்த்தாற்போல் வீடு. ‘இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஏறினா மூளை தாங்காது. அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது’ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பட்டறைப் புகையைத் தெருவே சுவாசிக்கிறது; ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு இந்த அளவு ஏறவில்லை. குழாய்த் தண்ணீர், சுவர்ச் சாயம், சமையல் பாத்திரம், பொம்மை என்று அந்த வீட்டையே பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவராத குறை. எதிலும் பிடி கிடைக்கவில்லை. பட்டறைக்காரரோ, “நிரூபிங்க, மூடிடறேன்” என்று ஹாயாகச் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்தது, மூச்சிழுப்புக்காக அவள் தினமும் தின்கிற இந்த இலை. அதன்மேல் படர்ந்திருக்கும் வெள்ளைப் பூச்சில்தான் மருந்து இருக்கிறது என்று பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தவர் இவர். போன வருடம் அவள் வீட்டுக்குக் கன்று கொண்டுபோய்க் கொடுத்தவரும் இவரேதான்.

“முறைப்படிதானே பண்ணீங்க?”

“அட்சரம் பிசகாம சார். அவங்க வீட்டுச் செடியில பறிச்ச இலையை மூணு தண்ணியில அலசி, உலர்த்தி, பொடிச்சு... எப்பவும் பண்றதுதான்.”

சாயங்காலம் அவரே நேரில் போனார். குழந்தை ஓடிவந்து, “இலை மாமா, நான் எண்ணிக் காட்டட்டா?” என்று ஆரம்பித்தாள். போன மாதம் பத்து வரை போனவள், நாலில் நின்று, அடுத்தது என்னவென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எதுல இருந்து வருதுன்னு தெரிஞ்சுதா ஐயா?” என்றாள் குழந்தையின் அம்மா.

“இன்னும் தெரியலம்மா. ஆனா இலையில இல்ல. அதைத் தைரியமாக் குடுங்க.”

“அப்பாடா! அதையும் நிறுத்தச் சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன். அது இல்லேன்னா மூச்சு விட முடியாமத் தவிச்சிடுவா.”

சொல்லி வாய் மூடவில்லை, குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. அம்மா ஓடிப்போய் வாசல் செடியில் நாலு இலையைக் கிள்ளிவந்து அப்படியே அவள் வாயில் வைத்தாள். அம்மாவின் விரல் நுனிகள் கரியைத் தொட்டதுபோல் கறுத்திருந்தன.

அவர் “துப்பு, துப்பும்மா!” என்று பாய்ந்தார். அவளோ மென்று விழுங்கிவிட்டு, சமர்த்தாக நாக்கை நீட்டிக் காட்டினாள்.

“பட்டறைப் புழுதி பூரா இலை மேலதானேம்மா படிஞ்சிருக்கு! கழுவாம எப்படிக் குடுக்கிறீங்க?” என்று கத்தினார். குரல் பாதியிலேயே உடைந்தது.

அம்மா மிரண்டுபோய்க் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“கழுவினா மருந்து போயிடும்னு நீங்கதானே ஐயா சொல்லிக் குடுத்தீங்க?”