மேடையில் வரும் வீட்டுக்காரர்

"சண்டை போட்டா என் வீட்டுக்காரர் பேசவே மாட்டார். மறுநாள் காலையில சர்க்கரை டப்பாவைத் திறந்தா, உள்ளே ஒரு சீட்டு இருக்கும். 'மன்னிச்சுடு மகாராணி!'"

மைக்கைப் பிடித்தபடி அவள் சொல்ல, அரங்கமே குலுங்கியது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன்தான் அவளுடைய வீட்டுக்காரன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ரசீதைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. பிறகு எந்தப் பயல் எழுதினான் அந்தச் சீட்டை?

"என் தலைக்குச் சாயம் பூசிவிடறதும் அவர்தான். கூடவே பாட்டு வேற! சாயம் காதுல, பாட்டு தெருவுல!"

மறுபடியும் சிரிப்பு. ஒரு நரைகூட இல்லாத தலைக்கு எதற்குச் சாயம்? எவனோ தொட்டுத் தடவ ஒரு சாக்கு!

வீடு திரும்பும் வழியில் கேட்டே விட்டான். "மேடையில யாரைப் பத்திப் பேசற?"

"உங்களைப் பத்தின்னுதான் ஊரே நினைக்குது. அப்புறம் என்ன?"

"நான் எப்போ பாடினேன்?"

"அதானே! எப்போ பாடினீங்க?" என்றாள், சிரித்துக்கொண்டே.

அதோடு அவன் நிம்மதி போயிற்று. கடைக்கு வரும் ஆண்களின் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு, விரலில் சாயக் கறை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தான்.

சனிக்கிழமை தவறாமல் "அத்தையைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவாள். திரும்பும்போது நோட்டு நிறையப் புது ஜோக்குகள் இருக்கும். அந்தச் சனிக்கிழமை அவன் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனான்.

சொன்னபடி அவன் அம்மா வீட்டுக்குள்தான் நுழைந்தாள். பின்வாசல் வழியாக நழுவுகிறாளோ என்று அரை மணி நேரம் தெருமுனையில் கால் கடுக்க நின்றான். அவள் வரவில்லை. சரி, அம்மாவிடமே பஞ்சாயத்தை வைத்துவிடலாம் என்று உள்ளே போனான்.

ஹாலில் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பிள்ளை பிறந்தபோதுகூட அவர் சிரித்ததற்குச் சாட்சி கிடையாது.

"செருப்பை நேரா விடு" என்றார், நிமிராமலே.

சமையலறையில் மாமியாரும் மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த நோட்டு.

அவனால் பொறுக்க முடியவில்லை. "அம்மா! இவ மேடை ஏறி எவனைப் பத்தியோ பேசறா. சீட்டு எழுதறானாம், சாயம் பூசறானாம், பாடறானாம்! யாரு அவன்? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

அவள் மாமியாரைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம். சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினாள்.

"கத்தாதேடா! அந்த மனுஷன் ஹால்லதான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார்."