உப்புமாத் தோழிகள்

என்ன பேசினால் நட்பு வளரும் என்று காதுக்குள் சொல்லித்தரும் கருவியை, விடுதிக்குப் புதிதாக வரும் மாணவியருக்குக் கல்லூரியே கொடுத்து, முதல் பருவம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்ட மறுநாள் காலை, தன் ஒரே தோழி தாட்சாயணியின் எதிரே அமர்ந்த பூங்கோதைக்கு வாயே எழவில்லை. கருவி இல்லாமல் பேசி இவளை இழந்துவிடுவோமோ என்று தட்டிலிருந்த உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஊமையாயிட்டே?" என்றாள் தாட்சாயணி.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? எனக்கு உப்புமான்னாலே ஆகாதுடி. உனக்குப் பிடிக்கும்னு அது சொல்லிச்சு. அதான் நானும் பிடிக்கும்னேன்."

தாட்சாயணி கரண்டியைக் கீழே போட்டாள். "அடிப்பாவி! உனக்குப் பிடிக்கும்னுதானே நான் ரெண்டாம் தடவையும் வாங்கி வாங்கித் தின்னேன்!"

சிரித்து ஓய இருவருக்கும் வெகுநேரம் பிடித்தது.

"சரி, உனக்கு என்னதான்டி பிடிக்கும்?" என்று கேட்ட பூங்கோதை, என்ன சொல்லப்போகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்திருந்தாள்.