பச்சைத் தண்ணீர்

யூத ஆலயத்தின் பின்னறையில் அப்போது இருந்தவர்கள்: ஆலயத்தின் குரு ரப்பி லிஃப்ஷிட்ஸ், ஆலயத்தைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் மெண்டல், நாற்காலியில் சரிந்து கிடந்த துணிக்கடை முதலாளி ஹெர்ஷ் வைன்ராப், எதிர்வீட்டு டாக்டர் அம்புஜம், அவளுடைய மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அவள் கணவரான பேராசிரியர் நாகசுப்பிரமணியன்.

வேறு யாரும் இல்லை. வைன்ராபின் மகன் ஆரன் முன்கூடத்தில் பிரார்த்தனையில் நின்றிருந்தான். அவனிடம் யாரும் சொல்லவில்லை.

எழுபத்து நான்காம் வருடம், யோம் கிப்பூர். மாண்ட்ரியல் யூதர்கள் முந்தின நாள் அந்தியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கும் நாள். ஆலயத்துக்கு வழக்கமாக வரும் டாக்டர் அந்த வருடம் டொராண்டோவில் மகள் வீட்டில் இருந்தார். அதனால்தான் மெண்டல் தெருவைக் கடந்து ஓடிவந்தார்.

வைன்ராபின் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. விரல்கள் நடுங்கின. சர்க்கரை வியாதிக்காரர். காலையில் மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு நோன்பில் உட்கார்ந்திருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று வாசற்படியிலிருந்தே சொல்லிவிடலாம்.

சர்க்கரை வியாதிக்கார வைன்ராப் வியர்த்துச் சரிந்துவிட்டார் என்று மெண்டல் சொன்னதுமே அம்புஜம் சமையலறைக்குள் போய், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, கரையும் மட்டும் சர்க்கரையைக் கலக்கி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

கைக்கு அகப்பட்ட டம்ளர் அல்ல. அலமாரியின் பின்வரிசையிலிருந்து தேடி எடுத்த டம்ளர்.

ஏப்ரல் மாதத்தில் அதைத்தான் வைன்ராபின் முன்னால் வைத்திருந்தாள். அவள் மகள் கமலினியும் ஆரனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தார்கள். அம்புஜத்துக்கும் அது பிடிக்கவில்லைதான். ஆனாலும் வீடு தேடி வந்தவருக்கு முதலில் தண்ணீர்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல வந்திருந்த வைன்ராப் உட்காரக்கூட இல்லை.

“இந்த வீட்டில் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது” என்றார். கமலினி எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் குடிக்க அவர்கள் சாத்திரத்தில் தடை இல்லை என்று மெண்டலின் மனைவி பிறகு சொன்னாள். ஆக, அவர் மறுத்தது சாத்திரத்துக்காக இல்லை.

கமலினி வான்கூவருக்குப் போய்விட்டாள். ஆரன் அப்பாவின் கடையில் உட்கார்ந்துவிட்டான்.

அம்புஜம் பிறந்த வீட்டில் அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். ஒதுக்குவது எப்படி என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியவைத்ததற்காக வைன்ராபை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வெறுத்தாள்.

இப்போது அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“நாஜி முகாமில் கிடந்தபோதும் நோன்பை விட்டதில்லை” என்றார் நாக்குக் குழற. “இன்றைக்கு இவள் கையாலா?”

“டாக்டர் சொன்னால் குடிக்கத்தான் வேண்டும், ஹெர்ஷ்” என்றார் ரப்பி. “உயிர் போகுமென்று தெரிந்து நோன்பு இருப்பதுதான் பாவம்.”

பிறகு அம்புஜத்தின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஊசி வழியாக ஏதாவது? நரம்பில் ஏறுவது உண்பதில் சேராது. அவர் நோன்பு நிற்கும்.”

“விழுங்க முடிகிறவருக்கு வாய்தான் வழி.”

எந்த வைத்திய நூலைத் திறந்தாலும் அதுதான் எழுதியிருக்கும். அதில் ஒரு பிழையும் இல்லை.

“அம்பு” என்றார் நாகசுப்பிரமணியன் தமிழில். “வேண்டாம்டி. வயசான மனுஷன்.”

“நீங்க சும்மா இருங்கோ.”

ரப்பி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். வாய் நிறையாத அளவு, சிறுகச் சிறுக, இடைவெளி விட்டு. நோன்பு நாளில் நோயாளிக்குக் கொடுக்கும் முறை அது. முதல் சில மிடறு உடனே போக வேண்டும், அதற்குப் பிறகு உங்கள் முறைப்படியே ஆகட்டும் என்றாள் அம்புஜம். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஒரே மூச்சில் முடிந்துபோயிருந்தால்தான் வருந்தியிருப்பாள்.

டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

“எங்கள் வீட்டுத் தண்ணீர், மிஸ்டர் வைன்ராப். கண்ணாடி டம்ளர்தான், பயப்படாதீர்கள்.”

உதடுகள் இறுக மூடிக்கொண்டன. ரப்பி அவர் தோளில் கை வைத்தார்.

பிறகு உதடுகள் திறந்தன.

அம்புஜம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது.

இடைவெளி விட்டாள். முன்கூடத்திலிருந்து பாட்டு கேட்டது. மறுபடி டம்ளரை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் அவரே வாயைத் திறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் திறக்கும் மட்டும் அவள் காத்திருந்தாள்.

நடுக்கம் நின்றது. வியர்வை அடங்கியது. கண்ணோரம் மட்டும் ஈரம் காயவில்லை.

டம்ளர் காலியானதும் அம்புஜம் அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

“ஓர் உயிரைக் காப்பாற்றினீர்கள்” என்றார் ரப்பி.

“அதற்குத்தானே கூப்பிட்டீர்கள்?”

வாசல் தாண்டியதும் நாகசுப்பிரமணியன் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவளுக்கு முன்னால் தனியாக நடந்துபோனார்.

அந்தத் தெருவில் வெகுகாலம் ஒரு பேச்சு இருந்தது. வைன்ராபும் சாகும்வரை அதை நம்பினார். பாவம், டாக்டரம்மாவின் பையில் அன்றைக்குக் குளுக்கோஸ் ஊசி இல்லை, இருந்திருந்தால் அவர் நோன்பு தப்பியிருக்கும் என்று.

அது தவறு. ஊசி இருந்தது.