அவருக்குப் பத்தியம்

“எனக்குச் சீனி வருத்தமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், மலர்.”

லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த வசந்தமலரின் கை, சர்க்கரை நோய் என்று கேட்டதும் அப்படியே நின்றது. வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார் அவள் கணவர் குகதாசன்.

“என்னப்பா சொல்லுறியள்? உங்களுக்கோ?”

“ஓம். மத்தியானம் சாப்பிட்டவுடனை கைகால் சோருது, எழும்ப ஏலாமல் கிடக்கு எண்டு சொன்னனெல்லே? அதுதானாம். குளிசை மட்டும் காணாதாம். சாப்பாட்டை மாத்தினாத்தான் களைப்புப் போகுமாம்.”

“ஐயோ, ஏணியிலை ஏறி நிண்டு லைற் பூட்டுற மனிசன் நீங்கள்! அங்கை சோர்ந்து விழுந்தா?”

“நீரும் கனகாலமாச் சீனிக்குக் குளிசை போடுறீர்தானே?”

“என்ரை கதையை விடுங்கோ. நான் கிடந்து எழும்பினாச் சரி.”

மறுநாளே சமையலறை தலைகீழானது. காலையில் வெள்ளைப் பாணும் ஜாமும் போய், அவித்த முட்டையும் கடலையும் வந்தன. தேநீருக்குச் சீனி போடுவது நின்றது. மலைபோல் குவிந்த சோறு ஒரு பிடி சிவப்பரிசிச் சோறாகச் சுருங்கியது. பருப்பும் மீனும் கீரையும் தட்டை நிறைத்தன. இரண்டு பேருக்கு இரண்டு உலை வைக்க அவளுக்கு நேரமேது? அவர் தட்டில் விழுந்ததுதான் அவள் தட்டிலும் விழுந்தது.

“இண்டைக்கும் பாவற்காயோ?” என்று முகத்தைச் சுளிப்பார் குகதாசன்.

“வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடுங்கோ. வருத்தக்காரனுக்கு வாய் கூடாது.”

“அப்ப நீரும் இதிலை இரும். தனியச் சாப்பிட்டா எனக்கு இறங்காது.”

குளிர்காலம் போய், தெருவோர மரங்கள் துளிர்த்தன. ஒருநாள் கேட்டாள்:

“இப்ப எப்பிடி உங்கடை களைப்பு?”

“நல்லாக் குறைஞ்சிட்டுது. உமக்கு?”

“எனக்கென்ன?” என்றவள், பிறகுதான் யோசித்தாள். வேலையால் வந்து கோட்டோடு சோபாவில் விழுகிற பழக்கம் எப்போது நின்றது? முடியாது என்று கைவிட்டிருந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படிப்பிக்க மறுபடியும் ஹரோவுக்குப் போகத் தொடங்கியிருந்தாளே! மனுசன் தேறிய நிம்மதிதான் தனக்கும் தெம்பு தருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் அவளுடைய வழக்கமான பரிசோதனை. குகதாசனும் கூடவே வந்தார்.

கணினியைப் பார்த்த நேர்ஸின் முகம் மலர்ந்தது; ஆங்கிலத்தில் சொன்னாள்: “சர்க்கரை அளவு அருமையாக இறங்கியிருக்கிறது. போன முறை மாத்திரையைக் கூட்ட வேண்டிவரும் என்று பயந்தோமே, இனித் தேவையில்லை. அப்படி என்ன செய்தீர்கள்?”

“எனக்காக நான் ஒன்றுமே செய்யவில்லை. இவருக்காகப் பத்தியம் சமைத்தேன், நானும் அதையே சாப்பிட்டேன். என்னை விடுங்கள், இவருக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது?”

நேர்ஸ் புரியாமல் குகதாசனைப் பார்த்தாள். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, தமிழில் மெதுவாகச் சொன்னார்:

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மலர். உமக்காகச் சமையும் எண்டு சொல்லியிருந்தா, நீர் சமைச்சிருப்பீரோ?”