துறையில் ஏறியவள்

படகுக் கொட்டகையில் அவளைப் பாய்த்துணியால் மூடி வைத்திருந்தோம்.

மணல்திட்டில் மோதி உடைந்த கப்பலிலிருந்து கேப்டனையும் இரண்டு மாலுமிகளையும் உயிரோடு கரை சேர்த்தோம். அவளை ஏரியே கொண்டுவந்து போட்டது. நவம்பர் மாதத்து மிச்சிகன் ஏரி அப்படித்தான், எடுத்ததைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பித் தரும்.

துடுப்புப் போட்டுப் போட்டு எங்கள் மீட்புப் படகுக்காரர்கள் யாருக்கும் விரல் மடங்கவில்லை. நான் காப்பிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. சிலுவையில் செதுக்க ஒரு பெயர் வேண்டும்.

எங்கள் மீட்பு நிலையத்துக்குப் பின்னால் மணல்மேட்டில் பெயரில்லாத சிலுவைகள் ஏற்கெனவே நிறைய. அவற்றில் பல, பாய்க்கப்பல் சமையல்காரிகளுடையவை. ஒரு துறையில் ஏறுவார்கள், இன்னொரு துறையில் இறங்குவார்கள். கப்பலில் அவர்களுக்குக் ‘குக்’ என்பதுதான் பெயர்.

இன்னொன்றை அங்கே நட எனக்கு மனமில்லை.

பத்திரிகைக்காரர் வந்தார். கேப்டன் தோர்சனிடம் கப்பலைப் பற்றிக் கேட்டார்.

மனிதர் கப்பலின் ஜாதகத்தையே சொன்னார். ‘அல்மா ரீட்’, உள்நாட்டுப் போர் முடிந்த வருடம் கட்டியது, வெள்ளை ஓக் மரம். இளமையில் சிகாகோ கோதுமை ஏற்றியது. நீராவிக் கப்பல்கள் வந்து கோதுமையைப் பிடுங்கிக்கொண்டபின் பலகை. கடைசியில் மரவெட்டிகளின் முகாம்களுக்கு வைக்கோலும் மாவும். பலகை மூட்டுகள் விட்டுப்போய்த் தண்ணீர் உள்ளே வரும்போதெல்லாம் கப்பலுக்கு வெளியே அடிப்பக்கம் மரத்தூளைக் கொட்டுவார்களாம். கசிவு தூளை உறிஞ்சித் தானே அடைத்துக்கொள்ளும். அப்படியே பல வருடம் ஓட்டியிருக்கிறார்கள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“அந்தம்மா யாருங்க?” என்றார் பத்திரிகைக்காரர்.

“குக். சிகாகோ துறையில ஏறினா.”

“பேரு?”

“கேக்கலை.”

மாலுமிகள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கப்பலுக்குன்னா பொம்பள பேரா தேடி வைப்பானுங்க. பொம்பளைக்குப் பேரு இருக்கான்னு கேக்க மாட்டானுங்க,” என்று என் காதருகே முணுமுணுத்தான் டூலி, என்னோடு துடுப்புப் போடுகிறவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நேற்றுவரை அவள் கையால் சாப்பிட்ட இந்த ஆள் கரை வரைகூட நினைக்கவில்லை.

பத்திரிகைக்காரர் தந்தி அலுவலகத்துக்குக் கிளம்பினார். அவருடைய குதிரைவண்டி மறையும்வரை கேப்டன் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு என்னிடம் வந்தார்.

“தம்பி, ஸ்டர்ஜன் பே போற ரயில் எப்போ?”

“மத்தியானம். ஏன், அடுத்த கப்பல் பாக்கணுமா? அதுக்கும் ஒரு குக் கிடைப்பா.”

அவர் கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

“சிகாகோவுல எங்க சமையல்காரி, நவம்பர் ஆச்சு, நான் வரலைன்னு இறங்கிட்டா. இவ பிள்ளைங்களுக்குக் குளிர்கோட்டு வாங்க வந்தவ. ரயிலுக்குக் காத்திருந்தா. நான் சமைக்கிறேன், சேர்ந்தே போயிரலாம்னு ஏறிட்டா.” கொட்டகைப் பக்கம் பார்த்தார். “பேரு ராக்னா. மணல்ல வைக்க வேணாம். அந்த ரயில்லயே வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். “அந்த ஆள் கேட்டப்போ ஏன் சொல்லலை?”

“பிள்ளைங்க அவ ரயில்ல வர்றான்னு நினைச்சுட்டிருக்கு. நாளைக்குக் காலைல பத்திரிகை வந்துரும். எங்க வீட்டுல மூத்தவதான் அதைச் சின்னதுங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுவா.”