விளக்கு வைத்த பிறகு

ஐந்து நாளாக விடாத மழை. வேன் நகரில் வீடாகிப்போன இருநூறு வண்டிகளின் கூரைச் சோலார் தகடுகளிலும் வெயில் பேருக்குக்கூட விழவில்லை. பூரணியின் வண்டியில் பேட்டரி நான்கு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு வயது மகள் நேத்ராவின் மூச்சு மெஷின் இன்னும் அரைமணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம்.

நீள வயரைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள்.

"விளக்கு வெச்சாச்சேம்மா," என்றார்கள் எல்லாரும்.

முன்பெல்லாம் விளக்கு வைத்த பிறகு உப்பும் ஊசியும் தர மாட்டார்கள். வண்டிக்குக் குடி வந்தபின் அந்த வரிசையில் சார்ஜும் சேர்ந்துவிட்டது. கொடுத்தால் லட்சுமி போய்விடுவாளாம். பேட்டரிக்குள்தான் குடியிருக்கிறாள் போல!

கடைசியில் ஒரு வண்டி மட்டும் இருட்டாக நின்றது. சௌந்தரம் அக்காவின் வண்டி. பூரணி அங்கே மட்டும் தட்டாமல் நின்றாள். போன மாதம் இதே நேரத்தில், இதேபோல் வயரோடு அக்கா வந்து நின்றாள், புருஷனின் மெஷினுக்காக. அன்று பேட்டரி முழுசாக இருந்தும், "விளக்கு வெச்சாச்சேக்கா" என்று கதவைச் சாத்தியவள் பூரணிதான். விடிந்தபோது இந்த வண்டியில் அழுகுரல் கேட்டது.

வேறு வழியில்லை. தட்டினாள்.

"அக்கா, பாப்பாவுக்கு..." வயரின் முனையை நீட்டினாள்.

சௌந்தரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயரின் முனையை வாங்கித் தன் பேட்டரியில் செருகினாள்.

"வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோ. பாதிக்கு மேல இருக்கு," என்றாள். "இங்க விளக்கும் வைக்கிறதில்ல, மெஷினும் ஓடறதில்லையே."